இரண்டு ராத்திரி வீட்டில் இருக்க மாட்டேன், தம்பியை யார் பார்ப்பது?

புலியூர்க்குறிச்சி | ஞாயிறு, இரவு 10.40

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

தம்பிக்கு மனச்சிதைவு நோய். வயது 38. காலேஜ் படிக்கும்போது தொடங்கியது. ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில்தான் காட்டுகிறோம், மருந்தும் அங்கேயே வாங்குகிறோம். இப்போது பெரிய தொந்தரவு எதுவும் இல்லை. சத்தம் போட மாட்டான், யாரிடமும் கை நீட்டியதில்லை. ஆனால் மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்து, விழுங்கினானா என்று பார்த்து, குளிக்கச் சொல்லி, ராத்திரி தூங்குகிறானா என்று எட்டிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான். அம்மைக்கு 76 வயது, முட்டுவலி. அண்ணன் கத்தாரில். மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும், அதில் குறை சொல்ல மாட்டேன்.

சித்தி மகளுக்கு மதுரையில் கல்யாணம். என்கூடவே வளர்ந்த பிள்ளை. போனால் இரண்டு ராத்திரி தங்க வேண்டும். அண்ணனிடம் சொன்னதற்கு "ஒரு ஆளை வச்சுக்கோ, பணம் தாரேன்" என்றான். யாரை வைப்பது? ஹோம் நர்ஸ் அனுப்புகிற ஓர் இடத்தில் கேட்டேன். படுத்த படுக்கையாகக் கிடப்பவர் என்றால் ஆள் உண்டாம், மனநோய் என்றால் கிடையாதாம். மைனி (அண்ணன் மனைவி) பிள்ளைகளோடு நாகர்கோவிலில் இருக்கிறார், அவருக்குப் பயம். மற்ற சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பதில்: "நீதான் வீட்ல இருக்கியே, உனக்கென்ன புள்ளையா குட்டியா." நான் டியூஷன் எடுத்து வீட்டுச் செலவு பார்ப்பது யார் கண்ணிலும் படவில்லை.

இரண்டு நாள் மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போக முடியுமா? இப்படிக் கேட்பதே தப்பா?


வேளிமலை | ஞாயிறு, இரவு 11.15

கேட்பதில் ஒரு தப்பும் இல்லை அக்கா. ஆனால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள். நன்றாக இருக்கிற மனிதரை நமக்கு ஒரு கல்யாணம் வருகிறது என்பதற்காக வார்டில் படுக்க வைத்தால், அடுத்த முறை உண்மையிலேயே சேர்க்க வேண்டி வரும்போது அவர் வர மாட்டார். படுக்கையும் தர மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் அக்காவுக்கு இதே நோய். நான் ரப்பர் பால் வெட்டுகிறவன், விடியுமுன்னே தோட்டத்துக்குப் போயாக வேண்டும். அதனால் ஆரம்பத்திலேயே இன்னோர் ஆளைப் பழக்க வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டு மாமிதான். முதலில் வெறுமனே சாயா குடிக்க வந்து உட்காருவார். அப்புறம் நான் இருக்கும்போதே மாத்திரையை அவர் கையால் கொடுத்தார். அதற்கும் பிறகுதான் நான் இல்லாத நாள். திடீரென்று ஒருநாள் புது ஆளை வைத்துவிட்டுப் போனால் நம்ம ஆளுக்கும் பயம், வந்தவருக்கும் பயம்.

கல்யாணத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது? தம்பிக்கு யாரைப் பிடிக்கும்?


புலியூர்க்குறிச்சி | திங்கள், காலை 6.05

ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அவன் கொஞ்சம் பேசுவது தெருமுனை டீக்கடைச் சேட்டனிடம் மட்டும்தான். அவர் வயசானவர், கடையை விட்டு வர முடியாது. அப்புறம் என்னிடம் டியூஷன் படித்த ஒரு பையன் இருக்கிறான், இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவனோடு கேரம் விளையாடுவான்.


மணல்மேடு | திங்கள், காலை 9.30

ஷார்ஜாவிலிருந்து எழுதுகிறேன். வெளிநாட்டு அண்ணன்மார் பக்கமும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு நோய், தங்கை பார்த்துக்கொள்கிறாள். எனக்கு வருகிற சேதி எல்லாம் "மருந்து தீர்ந்தது, பணம் போடு" என்பதுதான். அப்பா எப்படி இருக்கிறார், எந்த மாத்திரை மாறியது, டாக்டர் என்ன சொன்னார் என்று யாரும் சொல்வதில்லை. லீவில் வந்து நானாக ஏதாவது செய்யப் போனால் "உனக்குத் தெரியாது, நீ சும்மா இரு" என்கிறார்கள். பணம் அனுப்புகிறவனுக்கு வேறு வழியும் விடுவதில்லை.


வேளிமலை | திங்கள், மதியம் 1.20

மணல்மேடு, நீங்கள் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியை நான் சொல்கிறேன். லீவில் வருகிறவர் வீடு பூசுவார், கொடை விழாவுக்கு நிற்பார், நாலு கல்யாணத்துக்குப் போவார். தங்கை எங்கே போனார் அந்த லீவில்? ஒரு வாரம் நான் பார்க்கிறேன், நீ வீட்டை விட்டுக் கிளம்பு என்று சொல்லிப் பாருங்கள். முதல் நாள் உங்களுக்கு ஒன்றும் தெரியாதுதான். தெரியாத அந்த ஒரு நாளைக் கடந்தால்தான் தெரியும்.


மணல்மேடு | திங்கள், மாலை 4.10

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஜூலை லீவில் செய்து பார்க்கிறேன். தங்கைக்கு வேளாங்கண்ணி போக வேண்டும் என்று நெடுநாள் ஆசை.


வார்டு சிஸ்டர் | திங்கள், இரவு 9.00

மனநலப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புலியூர்க்குறிச்சி, நீங்கள் கல்யாணத்துக்குப் போவது உங்கள் தம்பிக்கும் நல்லது. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார். பெற்றோரிடமும் மனைவியிடமும் திரும்பிப் போனவர்களில் பலருக்கு நோய் சீக்கிரம் திரும்பியது. தனி அறை எடுத்துத் தங்கியவர்கள் பரவாயில்லாமல் இருந்தார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் காரணம் கொஞ்சம் தெளிந்தது. ஓயாமல் குறை சொல்வது, வெறுப்பைக் காட்டுவது, எந்நேரமும் கூடவே நின்று எல்லாவற்றையும் நாமே செய்துகொடுப்பது, இவை இருக்கிற வீட்டில் நோய் அதிகம் திரும்புகிறது. அப்படிப்பட்ட வீட்டில் நோயாளியும் பார்ப்பவரும் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தால் இன்னும் மோசம் என்று 1976இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. குடும்பத்தால் நோய் வந்தது என்று இதற்கு அர்த்தம் கிடையாது, யாரும் அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பேருக்கும் மூச்சுவிட இடம் வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது மருந்து. ஓபிக்குப் போகும்போது டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "நான் இரண்டு நாள் ஊரில் இருக்க மாட்டேன், நேரத்தை எளிதாக்க முடியுமா?" மூன்று வேளை மாத்திரையை ராத்திரி ஒரே வேளையாக மாற்ற முடிகிற மருந்துகள் உண்டு. இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசியும் உண்டு. தம்பிக்கு எது பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக மாற்றிவிடாதீர்கள்.

பார்த்துக்கொள்ள வருகிற பையனுக்கு வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுங்கள். "நல்லா பாத்துக்கோ" என்று எழுதினால் அவனுக்கு ஒன்றும் புரியாது. "ராத்திரி எட்டரைக்குச் சாப்பாடு, ஒன்பதுக்கு இந்த டப்பாவில் உள்ள மாத்திரை, அப்புறம் அரை மணி நேரம் டிவி, கதவைத் தாழ்ப்பாள் போட வேண்டாம்" என்று எழுதுங்கள். தனியாகப் பேசிக்கொண்டால் பதில் சொல்ல வேண்டாம், கேலி வேண்டாம் என்று எழுதுங்கள். எதைப் பார்த்தால் உங்களுக்கு போன் செய்ய வேண்டும் என்பது மிக முக்கியம். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, சாப்பாட்டில் என்னவோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளுகிறார் என்றால் உடனே கூப்பிடச் சொல்லுங்கள். நோய் திரும்பும்போது பலருக்கு முதலில் கெடுவது தூக்கம்.

14416 என்ற எண்ணையும் அந்தத் தாளில் எழுதிவிடுங்கள். டெலிமனஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 2022 அக்டோபரில் தொடங்கியது, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசு கிடையாது. நோயாளிக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பார்த்துக்கொள்கிறவரும் தனக்காகவே அழைக்கலாம்.


புலியூர்க்குறிச்சி | திங்கள், இரவு 10.15

சிஸ்டர், தாளில் எழுத உட்கார்ந்தபோதுதான் இவ்வளவு செய்கிறோமா என்று தெரிந்தது. ஒரு பக்கம் போதவில்லை.

இன்னொரு சந்தேகம். அவன் மாத்திரை வேண்டாம் என்று முரண்டு பிடிக்கும் நாளில் அம்மை மட்டிப்பழத்தைப் பிளந்து உள்ளே வைத்துக் கொடுத்துவிடுவாள். மட்டி சின்னப் பழம், ஒரே வாய், அவனுக்குத் தெரியாது. இதை அந்தப் பையனிடம் சொல்லிவிட்டுப் போகலாமா?


வார்டு சிஸ்டர் | செவ்வாய், காலை 7.30

சொல்லாதீர்கள். அம்மையிடமும் மெதுவாகப் பேசி நிறுத்தச் சொல்லுங்கள். என்றாவது ஒருநாள் பழத்தைக் கடிக்காமல் பிட்டுப் பார்ப்பார், வெள்ளையாக மாத்திரை எட்டிப் பார்க்கும். "சாப்பாட்டில் என்னவோ கலக்கிறார்கள்" என்ற அவருடைய சந்தேகம் அந்த நிமிடம் உண்மையாகிவிடும். அதன் பிறகு அந்த வீட்டில் அவர் எதைத்தான் நம்பிச் சாப்பிடுவார்?

முரண்டு பிடித்தால் ஏன் வேண்டாம் என்று கேளுங்கள். நாக்கு குழறுகிறது, எந்நேரமும் தூக்கம், உடம்பு ஊதுகிறது, உட்கார முடியாமல் கால் பரபரக்கிறது, இப்படி ஏதாவது இருக்கும். பலவற்றுக்கு மருந்து உண்டு, டோஸும் மாற்றலாம். டாக்டரிடம் அவரே சொல்லட்டும்.


விடியல்72 | செவ்வாய், காலை 10.00

எல்லோரும் மருந்தையே பேசுகிறீர்கள். எங்களுக்குத் தெரிந்த ஜெப வீடு ஒன்று உண்டு, நாற்பது நாள் தங்கி உபவாசம் இருந்தால் விடுதலை கிடைக்கும். நூற்றுக்கணக்கான சாட்சிகள் இருக்கிறது. அக்காவும் நிம்மதியாகக் கல்யாணத்துக்குப் போகலாம்.


கோட்டாற்றுப் பாட்டா | செவ்வாய், மதியம் 12.45

மக்களே, நானும் தினமும் பூசைக்குப் போகிறவன்தான். என் மகனுக்காக நான் ஏறி இறங்காத இடம் இல்லை. கோயில், தர்கா, அய்யாவழித் தாங்கல், எல்லா இடத்திலும் நின்றிருக்கிறேன். கும்பிடுவதை யாரும் குறை சொல்லவில்லை, எனக்கும் அதுதான் தெம்பு. ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டு நாற்பது நாள் என்று சொல்லாதே. நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் பார்த்தவன்.

இன்னொன்று. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. அங்கே ஒரு காப்பகத்தில் விடியற்காலையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தவர்களால் ஓட முடியாமல் 28 பேர் வெந்து செத்தார்கள். அவர்களையும் குணமாகும் என்று நம்பித்தான் வீட்டார் கொண்டுபோய் விட்டார்கள். நாங்கள் சின்ன வயதில் திருவிதாங்கூரில் இருந்தோம், அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே இடம் திருவனந்தபுரத்து ஊளம்பாறை மனநல ஆஸ்பத்திரி. அந்தப் பெயரைச் சொல்லித்தான் பிள்ளைகளை மிரட்டுவார்கள். இன்றைக்கு வடசேரியில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஆசாரிப்பள்ளம். அதை விட்டுவிட்டு எங்கே போகச் சொல்கிறாய்?


வேளிமலை | செவ்வாய், மதியம் 2.00

ஜெபமும் நடக்கட்டும், மாத்திரையும் நடக்கட்டும். எங்கள் ஊர்ப் போதகர் அக்காவுக்காக ஜெபித்துவிட்டு "மாத்திரை போட்டாச்சா" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.


கடலோரத்தாள் | புதன், இரவு 11.50

குடிப்பழக்கம் பற்றியும் இதே இழையில் எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன், தேவைப்பட்டால் மாற்றிவிடுங்கள்.

தூத்தூர் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்காரர் ஆழ்கடல் போட்டில் போகிறவர். போனால் வாரக்கணக்கில் கடல்தான். அவர் கடலில் இருக்கிற நாள்தான் எனக்கு விடுப்பு. புயல் எச்சரிக்கை வந்தால் நெஞ்சு பதறும், அது வேறு. ஆனாலும் ராத்திரி தூங்குவேன், பிள்ளைகள் சத்தமாகச் சிரிக்கும். கரைக்கு வந்து பங்குப் பணம் கையில் வந்த அன்றைக்கே தொடங்கும். 2017 ஒக்கிப் புயலில் அவருடைய தம்பி போன போட்டு திரும்பவில்லை. அதற்கு முன்னாலும் குடித்தார், அதன் பிறகு குடிக்கு அளவே இல்லாமல் போயிற்று.

இப்போது என்ன என்றால், போட்டில் ஏறிய இரண்டாம் நாள் உடம்பெல்லாம் உதறி, வலிப்பு வந்து, வலைக்காரர்கள் பயந்துபோய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். ஊரில் எல்லோரும் "காத்துக் கருப்பு" என்கிறார்கள். மாமியார் "நீ சரியாப் பாத்துக்கிடல" என்கிறார்.


தென்றல்சிவா | வியாழன், காலை 8.10

சகோதரி, கவலை வேண்டாம். சாப்பாட்டில் கலந்து கொடுக்கிற பொடி இருக்கிறது, நிறமில்லை, மணமில்லை, அவருக்கே தெரியாமல் குடியை…

[நெறியாளர்: விளம்பரமும் போன் எண்ணும் நீக்கப்பட்டன. பதில் எழுதியவர்களுக்காக முதல் வரி மட்டும் விடப்பட்டிருக்கிறது.]


வார்டு சிஸ்டர் | வியாழன், காலை 9.45

அந்தப் பொடியை யாரும் வாங்காதீர்கள். இப்படி ரகசியமாகக் கொடுக்கும் பொடிகளில் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருக்கலாம். அது நல்ல மருந்துதான், ஆனால் குடிப்பவர் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் எடுக்க வேண்டியது. அதை எடுத்தவர் மது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து விழுவார். இதயம் பலவீனமானவர் உயிரே போகலாம். மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை உடம்பில் அதன் வேலை இருக்கும். தனக்குள் இப்படி ஒரு மருந்து இருப்பதே தெரியாத ஒருவர் கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கடலில் போட்டில் ஒரு குவார்ட்டரை உடைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோரத்தாள், உங்கள் வீட்டுக்காரருக்கு வந்தது காத்தும் இல்லை, கருப்பும் இல்லை. தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பில் குடி திடீரென்று நின்றால், கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 மணி நேரத்துக்கும் 48 மணி நேரத்துக்கும் இடையில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் ஆள் குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, காய்ச்சலும் வியர்வையுமாக ஆகலாம். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. தேங்காய்ப்பட்டணத்தில் போட்டு ஏறியவருக்கு அந்த நேரம் கரை எட்டாத தூரம். ஆகவே "இன்றையோடு நிறுத்து" என்று சத்தியம் வாங்கிக் கடலுக்கு அனுப்பாதீர்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் உடம்பு அடங்கும், வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். குடி அதோடு நிற்காது, அதற்குப் பிறகுதான் உண்மையான சிகிச்சை. ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு மறுமுறையும் வர வாய்ப்பு அதிகம், டாக்டரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

மாமியார் சொன்னதைப் பற்றி என்ன சொல்வது! ஒரு மகனைக் கடலில் பறிகொடுத்தவர், இருக்கிற மகனைப் பற்றிய பயம் அவருக்கும் இருக்கும். ஆனால் குடிக்கு நீங்கள் காரணம் இல்லை.


கடலோரத்தாள் | வியாழன், இரவு 10.30

சிஸ்டர், வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். அவரிடமும் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, வலிப்பு எத்தனை மணிக்கு வந்தது என்று மட்டும் கணக்குப் பார்த்தார்.

எங்கள் ஊரில் சிலர் ஒரு போதை மறுவாழ்வு இல்லத்துக்கு போன் போடச் சொல்கிறார்கள். ராத்திரி வேனில் நாலு பேர் வந்து கையைக் கட்டித் தூக்கிப் போய்விடுவார்களாம், மூன்று மாதம் யாரும் பார்க்க முடியாதாம். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் அப்படிப் போய்த் திரும்பி வந்தார். முதுகில் தழும்பு. வந்த வாரமே குடித்தார், வீட்டில் யாரிடமும் இப்போது பேசுவதில்லை.


சட்டப்புள்ளி | வெள்ளி, காலை 11.20

வக்கீலாக இருக்கிறேன், அதனால் இதற்கு மட்டும் பதில்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. குடியாலும் போதைப்பொருளாலும் வருகிற மனநிலைக் கோளாறுகளும் இந்தச் சட்டத்தின் கீழ்தான் வருகின்றன. ஒருவருடைய சம்மதம் இல்லாமல் சேர்க்க வேண்டும் என்றால் 89ஆம் பிரிவு. அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை விஷயத்தில் அவர் சார்பில் நிற்பவர், விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு பேர், ஒருவர் மனநல மருத்துவர், மற்றவர் மனநல வல்லுநர் அல்லது வேறொரு மருத்துவர், தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலை என்று அவர்கள் எழுத வேண்டும். அப்படியும் இந்தப் பிரிவின்படி அதிகபட்சம் 30 நாள். சங்கிலி எந்த வடிவிலும் கூடாது. வேனில் வந்து தூக்குவதற்கு இந்தச் சட்டத்தில் இடமே கிடையாது. எந்த இல்லமானாலும் முதலில் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், வருகிற மனநல மருத்துவர் யார் என்று கேளுங்கள், வாரம் ஒருமுறையாவது பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். இந்த மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

புலியூர்க்குறிச்சிக்கு ஒரு வேலை சொல்கிறேன். 14ஆம் பிரிவின்படி உங்கள் தம்பி ஒரு வெள்ளைத்தாளில் "என் அக்காவை நியமனப் பிரதிநிதியாக வைக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். நீங்களும் சம்மதம் எழுத வேண்டும். நன்றாக இருக்கிற இப்போதே எழுதி வாங்குங்கள். சிகிச்சை விவரங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு அதன் பிறகு சட்டப்படி உரிமை உண்டு. "நோயாளியின் விஷயம், சொல்ல மாட்டோம்" என்று யாரும் உங்களை வெளியே நிறுத்த முடியாது.

வக்கீலுக்குக் காசு இல்லை என்று யாரும் தயங்க வேண்டாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. நாகர்கோவில் கோர்ட்டில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் கூப்பிடுங்கள்.


வேளிமலை | வெள்ளி, இரவு 8.40

கடலோரத்தாள் அக்கா, குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசுகிற ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) இருக்கிற மாதிரி, குடிப்பவர் வீட்டாருக்கு அல்-அனான் என்று ஒன்று உண்டு. ஏஏ தொடங்கியவர்களில் ஒருவரின் மனைவி லோயிஸ் 1951இல் அமெரிக்காவில் ஆரம்பித்தது. புருஷன்மார் உள்ளே கூட்டத்தில் இருக்க, வெளியே காத்துக்கிடந்த பெண்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்ததுதான். என் மச்சான் போகிற ஏஏ கூட்டம் ஒரு சர்ச் ஹாலில் நடக்கிறது. தங்கச்சி வெளியே சும்மா உட்கார்ந்திருப்பாள், இப்போது அவளோடு நாலைந்து பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். குடியை நிறுத்துவது எப்படி என்று அங்கே யாரும் பாடம் எடுப்பதில்லையாம். அவர் குடித்துவிட்டு வந்து விழுந்தால் வாந்தியை நான் துடைக்கணுமா, வேலைக்கு லீவு சொல்லி நான் பொய் பேசணுமா, இதைத்தான் பேசுவார்களாம். விவரம் வேண்டும் என்றால் தனிச்செய்தி அனுப்புங்கள்.


கடலோரத்தாள் | சனி, காலை 6.20

அனுப்பியிருக்கிறேன் தம்பி. திங்கள்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதித்திருக்கிறார். போட்டு முதலாளியிடம் அவரே போய்ச் சொன்னார்.


[நெறியாளர்: குடி பற்றிய பதிவுகள் தனி இழைக்கு மாற்றப்படவில்லை. வாசிப்பவர்கள் பலருக்கு இரண்டும் ஒரே வீட்டில் இருக்கிறது.]


புலியூர்க்குறிச்சி | ஞாயிறு, மாலை 5.30

எல்லோருக்கும் நன்றி. இடையில் இத்தனை வாரமும் எழுத நேரம் இல்லை, கல்யாணம் முடிந்து வந்துவிட்டேன்.

பாலிடெக்னிக் பையன்தான் தங்கினான். அதற்கு முன்னால் சில சாயங்காலம் வந்து பழகினான். அண்ணனிடம் "பணம் வேண்டாம், நீ வா" என்று முதன்முதலாகச் சொன்னேன். அவனால் வர முடியவில்லை. ஆனால் இரண்டு ராத்திரியும் ஒன்பது மணிக்கு வீடியோவில் வந்து தம்பியோடு பேசினான், மாத்திரை போடுவதைப் பார்த்தான். முதல் ராத்திரி தம்பி தூங்கவில்லை. ஒரு மணிக்குப் பையன் போன் செய்தான், மண்டபத்துக்கு வெளியே நின்று பேசினேன். கிளம்பி வந்துவிடலாமா என்று பேக்கைக் கையில் எடுத்தேன். சித்திதான் "விடியட்டும்" என்று பிடித்து உட்கார வைத்தார். இரண்டு பேரும் மூன்று மணி வரை கேரம் ஆடிவிட்டுப் படுத்திருக்கிறார்கள். மறுநாள் சரியாகிவிட்டது. திரும்பி வந்த அன்றைக்கு என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, இப்போது பேசுகிறான்.

அந்தப் பையனுக்கு அண்ணன் பணம் அனுப்பினான். வாங்க மாட்டேன் என்றான், வற்புறுத்திக் கொடுத்தேன். அடுத்த முறையும் கேட்க வேண்டுமே.


வார்டு சிஸ்டர் | ஞாயிறு, இரவு 7.00

பணம் கொடுத்தது ரொம்பச் சரி. முதல் ராத்திரி தூங்காதது சகஜம்தான், புது ஆள், புது ஏற்பாடு. ஆனால் தொடர்ந்து இரண்டு மூன்று ராத்திரி தூக்கம் இல்லை என்றால் ஓபி தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மனநல மையத்தில் 1957லிருந்தே குடும்பத்தில் ஒருவர் நோயாளியோடு சேர்ந்து தங்குகிறார். நான் அங்கே பயிற்சிக்குப் போயிருந்தபோது பார்த்தேன், சாயங்காலம் அந்த வீட்டார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். டாக்டர் சொல்லிக் கேட்காதவர்கள் பக்கத்து அறைக்காரர் சொல்லிக் கேட்பார்கள். இங்கே தக்கலை, நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறவர்கள் மாதம் ஒருமுறை சந்தித்தால் என்ன? ஒருவர் வீட்டு ஆள் இன்னொருவருக்குப் பழகிவிட்டால், ஏஜென்சியைத் தேட வேண்டாம். என் வீட்டுத் திண்ணை பெரிது.


வேளிமலை | ஞாயிறு, இரவு 7.45

நான் வருகிறேன். மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது, பால் வெட்டு இருக்காது. அக்காவையும் கூட்டி வரலாமா?


வார்டு சிஸ்டர் | ஞாயிறு, இரவு 7.50

கூட்டி வாருங்கள். நோயாளியை விட்டுவிட்டு வரச் சொன்னால் யாரால் வர முடியும்!


கோட்டாற்றுப் பாட்டா | திங்கள், காலை 5.15

எனக்கு இரண்டு நாள் கணக்கு இல்லை மக்களே. 79 வயதாகிறது. வீட்டுக்காரி போய்விட்டாள். மகனுக்கு 46, இருமுனைக் கோளாறு (ஒரு நேரம் அளவுக்கு மீறிய உற்சாகம், ஒரு நேரம் ஒரேயடியாகச் சோர்வு), கல்யாணம் ஆகவில்லை. மகளைத் திருநெல்வேலியில் கட்டிக் கொடுத்திருக்கிறது, நல்ல பிள்ளைதான், ஆனால் அவளுக்கும் குடும்பம் இருக்கிறது. தபால் ஆபீஸ் பென்ஷனில்தான் நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடுகிறோம். எனக்குப் பிறகு இந்தப் பென்ஷன் நின்றுபோகுமே, அவன் என்ன செய்வான்? ராத்திரி முழிப்பு வந்தால் இதுதான் ஓடுகிறது. வக்கீல் சார் இருந்தால் சொல்லுங்கள்.


சட்டப்புள்ளி | திங்கள், காலை 10.30

பாட்டா, நிற்காது. நீங்கள் மத்திய அரசு ஓய்வூதியதாரர். மனநோயால் சம்பாதிக்க முடியாத நிலையில் இருக்கிற பிள்ளைக்கு, வயது எத்தனை ஆனாலும், வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. நீங்கள் இருக்கும்போதே விண்ணப்பித்து, ஓய்வூதிய ஆணையில் மகன் பெயரைச் சேர்த்துவிடுங்கள். நாளைக்கு மகள் ஓடி அலைய வேண்டாம். அவர் சார்பில் பணத்தை வாங்கப் போவது யார் என்றும் நீங்களே எழுதிக் கொடுக்கலாம். அப்படி நீங்கள் எழுதிய நியமனம் இருக்கும்போது, நீதிமன்றத்தில் காப்பாளர் சான்று வாங்கி வா என்று வங்கி கேட்கக் கூடாது.

இதற்கு முதலில் மருத்துவச் சான்று வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் மனநோயும் ஒரு மாற்றுத்திறனாக இருக்கிறது. அடையாள அட்டைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் அதையும் சேர்த்தே செய்யுங்கள். பலர் நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில் காப்பாளர் வாங்கலாம் என்று சொல்வார்கள், அலைய வேண்டாம், 1999இன் அந்தச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குத்தான். மனநோய் அதில் வராது.


கோட்டாற்றுப் பாட்டா | திங்கள், மதியம் 12.10

பழைய சீட்டெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறது சார். எல்லாம் கொண்டுபோகணுமா?


சட்டப்புள்ளி | திங்கள், மதியம் 12.40

வேண்டாம். முதன்முதலில் நோய் என்று எழுதிய சீட்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த டிஸ்சார்ஜ் தாள்கள், கடைசி ஒரு வருட ஓபி சீட்டு, இவை போதும். அசலைக் கொடுக்காதீர்கள், நகல் எடுத்துக் கொடுங்கள். உங்கள் ஓய்வூதிய ஆணையின் நகலும், மகனுடைய ஆதாரும் வேண்டும். விண்ணப்பம் கொடுத்தால் தேதி போட்டு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.


புலியூர்க்குறிச்சி | திங்கள், மதியம் 1.05

பாட்டா, வியாழக்கிழமை நாங்கள் ஆசாரிப்பள்ளம் ஓபிக்கு வருகிறோம். நீங்களும் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தால் சான்றுக்குக் கேட்க நான் கூட நிற்பேன். நகல் எடுப்பதையும் அங்கே பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.


கோட்டாற்றுப் பாட்டா | திங்கள், மதியம் 1.30

வாரேன் மக்களே. எட்டு மணிக்கெல்லாம் டோக்கன் கவுன்டர் பக்கத்தில் இருப்பேன். நீலக் குடை.